லேசான பாடம்

கல்லூரி அட்மிஷன் மேசையில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் இந்த வாசகம் பழக்கம்: "பொண்ணுக்கு லேசான பாடமா பாத்துக் குடுங்க." சொல்பவர் பெரும்பாலும் அப்பா, சில சமயம் தாய்மாமன். பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. மேசைக்காரர் மார்க் ஷீட்டைத் திருப்பிப் பார்ப்பார். தேர்டு குரூப். பி.காம். நிரம்பிவிட்டது. பி.பி.ஏ.வுக்கு ஃபீஸ் கட்ட முடியாது. "பி.ஏ. எகனாமிக்ஸ் இருக்கு. ஈஸிதான். மேத்ஸெல்லாம் பெருசா வராது. முடிச்சிட்டு பேங்க் எக்ஸாம், டி.என்.பி.எஸ்.சி., எது வேணா எழுதலாம்." அப்பா தலையாட்டுவார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

2007இல் அப்படி நின்ற பெண் நான். அம்பத்தூரிலிருந்து அப்பாவோடு போயிருந்தேன். இன்று ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். வருடா வருடம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதே பேச்சைக் கேட்கிறேன். அந்த 'லேசு' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

பொருளாதாரம் எங்கேயும் லேசான பாடம் கிடையாது. முதுகலை நுழைவுத் தேர்வுத் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள், கணக்கும் புள்ளியியலும் இறைந்து கிடக்கும். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வின் முதல் பொருளாதாரத் தாளிலேயே கணித முறைகள் உண்டு. நாட்டின் வட்டி விகிதத்தை ரிசர்வ் வங்கியின் ஆறு பேர் குழு முடிவு செய்கிறது. அந்த மேசைக்குப் போகிற பாதை கணக்கு வழியாகத்தான் போகிறது. அதே பெயருள்ள பாடம் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வந்து சேரும்போது மட்டும் லேசாகிவிடுகிறது. எலும்பை உருவிவிட்டால் எதுவும் லேசாகத்தான் இருக்கும்.

உருவியது எப்படி என்று சொல்கிறேன். மைக்ரோ எகனாமிக்ஸ் வகுப்பு. போர்டில் மொத்தச் செலவுக்கான சமன்பாடு. அதிலிருந்து இறுதிநிலைச் செலவைக் கண்டுபிடிக்க வகைக்கெழு எடுக்க வேண்டும். ஆசிரியர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். அறுபது பெண்கள். "இது உங்களுக்கு வேணாம்மா. எக்ஸாமுக்கு வராது. படத்தை மட்டும் நல்லா வரைஞ்சு பழகிக்குங்க." எங்களுக்கு நிம்மதி. யாரோ கைகூடத் தட்டினார்கள். மூன்று வருடமும் படம் வரைந்தோம். சமநோக்கு வளைகோடு, தேவைக் கோடு, அளிப்புக் கோடு. ஸ்கேல் வைத்து அழகாக வரைவேன். கோடு ஏன் அந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் கிடைக்கும். அதை மனப்பாடம் செய்தால் முதல் வகுப்பு. நான் முதல் வகுப்பில்தான் தேறினேன்.

அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. எங்கள் மேல் அக்கறை உள்ளவர். எங்களுக்குச் சுமை வேண்டாம் என்று உண்மையாகவே நினைத்தார். அந்த அக்கறைக்கு என்ன விலை என்பது எனக்கு 2009இல் நடந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான், அதுவும் தாமதமாகப் புரிந்தது.

அம்மா அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலையில் இருந்தார். தைத்து வரும் சட்டையில் தொங்கும் நூலை எல்லாம் சின்னக் கத்திரியால் வெட்டி செக்கிங்குக்கு அனுப்ப வேண்டும். நாள் கூலி 100 ரூபாயை ஒட்டி. வீடு மாற அட்வான்ஸ் தேவைப்பட்டது. தெருவில் ஒரு குழுவில் சேர்ந்து 30,000 ரூபாய் கடன் எடுத்தார். மாதம் 2,800 வீதம் 12 மாதம். "வருஷத்துக்கு 12 பர்சென்ட்தான்க்கா, பேங்க்லயே அவ்ளோதான்" என்று கடன் கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். அம்மா அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினார். "நீதான் எகனாமிக்ஸ் படிக்கிறியே, இது சரியா இருக்குதான்னு பாரு."

நான் பார்த்தேன். 30,000க்கு 12 சதவீதம் 3,600. கூட்டினால் 33,600. பன்னிரண்டால் வகுத்தால் 2,800. "சரிதான்மா" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

சரியில்லை. அம்மா கையில் 30,000 ரூபாய் வருடம் முழுக்க இருக்கவில்லை. முதல் தவணை கட்டியதுமே அசல் குறையத் தொடங்கிவிட்டது. ஆறு மாதம் கழித்துப் பாதிதான் பாக்கி. கடைசி மாதம் 2,500தான் பாக்கி. ஆனால் வட்டி மட்டும் 12 மாதமும் முழு 30,000க்கே போடப்பட்டது. மாதா மாதம் பாக்கியிருந்த அசலின் சராசரியைப் பார்த்தால் 16,250 ரூபாய். அதற்கு 3,600 வட்டி என்றால் விகிதம் 21, 22 சதவீதத்தில் போய் நிற்கும். உண்மையிலேயே 12 சதவீதமாக இருந்தால் தவணை 2,665 ரூபாய்தான் வந்திருக்கும், வருடத்துக்கு மொத்த வட்டி 2,000க்குக் கீழே. அம்மா கூடுதலாகக் கட்டியது ஏறக்குறைய 1,600. அன்றைய கூலிக்கு அது பதினாறு நாள் பிசிர்.

இந்தக் கணக்கை நான் பி.ஏ. முடித்து இரண்டு வருடம் கழித்து, பேங்க் எக்ஸாம் கோச்சிங் வகுப்பில் கற்றுக்கொண்டேன். ஃபிளாட் ரேட், குறையும் அசல் மீதான ரேட், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அங்கே ஒரு பையன் கால் மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தான். அம்மா என்னிடம் கேட்டது மூன்று வருடப் பொருளாதாரப் படிப்பில் எனக்கு வந்த ஒரே உண்மையான கேள்வி. அதற்கு நான் தப்பாகப் பதில் சொன்னேன், முழு நம்பிக்கையோடு. வேண்டாம் என்று போர்டில் அழிக்கப்பட்டது இதுதான்.

சம்பளம் எப்படித் தீர்மானமாகிறது என்பதற்கும் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. இறுதிநிலை உற்பத்தித்திறன் கோட்பாடு. கடைசியாகச் சேர்ந்த தொழிலாளி எவ்வளவு கூடுதலாக உற்பத்தி செய்கிறாரோ அதற்கு ஈடாகக் கூலி போய் நிற்கும் என்று எழுத வேண்டும். எழுதினேன், பத்துக்கு எட்டு. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியம் உயராமலேயே கிடந்தது. அப்போதிருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபரிசீலனை செய்திருக்க வேண்டும். அரசு 2014இல் புதிய ஊதியத்தை அறிவித்தது, முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள், 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. 12 ஆண்டுகளில் முதல் உயர்வு, 30 சதவீதம் வரை என்று அன்று செய்திகள் வந்தன. அந்த 12 ஆண்டும் எங்கள் பக்கத்துப் பெண்களின் உற்பத்தித்திறன் நகராமல் நின்றதா? மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட் மட்டும் எப்படி ஏறிக்கொண்டே போனது? கூலி எங்கே தீர்மானமானது என்றால், அரசாணையிலும் வழக்கறிஞர் அறையிலும் சங்கத்தின் பொறுமையிலும். இதில் எதற்கும் எங்கள் படத்தில் கோடு இல்லை.

ஆவடி என்ற பெயர் எங்கள் பாடத்தில் ஒரே ஒரு இடத்தில் வரும். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோசலிச மாதிரிச் சமுதாயம் என்பதை இலக்காகத் தீர்மானம் போட்டது. இது இரண்டு மதிப்பெண் கேள்வி. அதற்குப் பின்னால் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம், மகலனோபிஸ், கனரகத் தொழில்கள். இது பத்து மதிப்பெண். அம்பத்தூரில் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் ஆவடி. என் சித்தி வீடு அங்கேதான். இருந்தும், வடநாட்டில் இன்னொரு ஆவடி இருக்கிறது போல என்றுதான் நான் நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். பாடத்தில் வரும் ஊர் நம் ஊராக இருக்க முடியாது என்பது பள்ளிக்கூடத்திலேயே நமக்குள் இறங்கிவிடுகிறது.

நம் ஊர்தான். மாநாடு முடிந்து பத்து வருடத்துக்குள் ஆவடியில் டேங்க் ஃபேக்டரி வந்தது, அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடி க்ளோத்திங் ஃபேக்டரியில் ராணுவத்துக்குச் சீருடை தைத்தார்கள். சில கிலோமீட்டர் தள்ளி எஸ்டேட்டில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சட்டை தைக்கிறார்கள். இரண்டு இடத்திலும் வேலை தையல். ஒன்றில் அரசு வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன். இன்னொன்றில் ஷிப்மெண்ட் முடிந்தால் நாளை வா, இல்லாவிட்டால் வராதே. முதலாவதில் மெஷினில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் பெண்கள்? இரண்டாவதில் ஏன் எங்கும் பெண்கள்? 2021 அக்டோபரில் ராணுவத் தளவாட ஆலைகளை எல்லாம் அரசுத் துறையிலிருந்து எடுத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். டேங்க் ஃபேக்டரி ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வந்தது, க்ளோத்திங் ஃபேக்டரி கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்டதன் கீழ் போனது. என் வகுப்பில் பலருக்கு அப்பாவோ தாத்தாவோ அந்த ஃபேக்டரிகளில் இருந்தவர்கள். வீட்டில் ராத்திரியெல்லாம் இதே பேச்சு. காலையில் வகுப்பில் நாங்கள் தனியார்மயத்தின் நன்மை தீமைகளை வரிசை எண் போட்டு எழுதினோம்.

இந்த நகரத்தில் பொருளாதாரம் எப்படித் தொடங்கியது தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1915இல் இங்கிலாந்திலிருந்து வந்தார். புத்தகத்தில் இருக்கும் பொருளாதாரம் இந்த மண்ணுக்குப் போதாது என்று அவருக்குப் பட்டது. 1916இல் தன் மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய் விசாரித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். யாரிடம் நிலம், யாருக்கு என்ன கூலி, யார் யாரிடம் கடன். அது 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய புத்தகமாக வந்தது. அதில் இடம்பெற்ற கிராமங்களுக்கு 1930களில் மறுபடி போனார்கள். இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் இருவேல்பட்டுக்கு 2008வரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். உலகில் வெகு சில ஊர்களுக்கே இப்படி ஒரு நூற்றாண்டுக் கணக்கு உண்டு. தொடங்கி வைத்தது பட்டப்படிப்பு மாணவர்களின் விடுமுறை வேலை. நூறு வருடம் கழித்து, அதே பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்குப் படித்த என்னிடம் என் தெருவைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

தெருவையே கேட்கவில்லை, அடுப்படியைக் கேட்பார்களா? நாட்டு வருமானம் என்ற பாடத்தில் ஒரு நகைச்சுவை வரும். பிகு 1920இல் சொன்னது. ஒருவர் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும், ஏனென்றால் அதே வேலைக்கு இனி சம்பளம் கிடையாது. வகுப்பே சிரித்தது. அறுபது பெண்களும் சிரித்தோம். பிகு அதை ஒரு முரண்பாடு என்று காட்டத்தான் சொன்னார். எங்கள் நோட்ஸுக்கு வரும்போது அது ஜோக்காக ஆகியிருந்தது. சிரித்து முடித்து அடுத்த தலைப்புக்குப் போனோம்.

சிரிக்காமல் நின்று கேட்க வேண்டிய இடம் அது. நாட்டு வருமானக் கணக்கில் சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுத்துக்கொள்வதாக வைத்து ஒரு தொகையைச் சேர்க்கிறார்கள். யாரும் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை, ஆனாலும் கணக்கில் உண்டு. அந்த வீட்டுக்குள் சமைக்கிற, துவைக்கிற, மாமியாருக்கு மாத்திரை கொடுக்கிற பெண்ணின் வேலை மட்டும் பணம் கைமாறவில்லை என்பதால் கணக்கில் இல்லை. சுவருக்கு மதிப்பு உண்டு, சுவருக்குள் இருப்பவளுக்குக் கிடையாது. அளக்க முடியாது என்ற சாக்கும் இப்போது செல்லாது. 1970களிலேயே தேவகி ஜெயின் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் பெண்களின் நேரத்தை அளந்து காட்டினார். மாரிலின் வாரிங் 1988இல் இதைப் பற்றியே புத்தகம் எழுதினார். 1998–99இல் அரசு ஆறு மாநிலங்களில் வெள்ளோட்டம் பார்த்தது, தமிழ்நாடும் அதில் ஒன்று. 2024 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். பெண்களின் வேலையைக் கணக்கில் எப்படிப் பார்ப்பது என்று பல்லாண்டு எழுதிவந்த பத்மினி சுவாமிநாதன் இருந்தது அடையாறில், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில். ரயிலும் பஸ்ஸும் மாறி நான் போயிருக்கக்கூடிய தூரம். அந்தப் பெயரை என் பட்டப்படிப்பில் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

இந்த விஷயத்தில் நீதிமன்றம் வகுப்பறையை முந்திவிட்டது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. உதவித் தொகை என்று வைக்காமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். எதற்கான உரிமை என்பதை விளக்கும் பாடம் எந்த செமஸ்டரில் வர வேண்டும்?

அரசு வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு 31. மாணவிக்கு 91. வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. 91ம் 92ம் உழைப்புப் படைக்கு வெளியே. என்னோடு படித்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மூன்று வருடப் பட்டம் என்பது 91இலிருந்து 92க்குப் போக ஆன காலம். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் பெண்ணுக்கு லேசான பாடமாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டவர்கள் மனதில் இருந்த கணக்கு இதுதான்.

இடையில் சிலருக்கு 31 வருகிறது. பூந்தமல்லிப் பக்கம் விடுதிகளில் தங்கி, பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ட்ரங்க் ரோட்டில் வரிசையாகக் கம்பெனி பஸ் நிற்கும். பட்டம் படித்தவர்களும் அதில் உண்டு. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலைப் பெண்களுக்குச் சாப்பாடு விஷமானது, 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். என்ன ஆயிற்று என்ற தகவல் மறைக்கப்படுகிறது என்ற கோபத்தில் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. எந்தப் பாடநூலும் சொல்லாததை அந்த வாரம் சொன்னது. வேலைக்குப் போகிறவளுக்கு யாரோ சோறு போட வேண்டும். அம்மா போட்டால் அது கணக்கிலேயே வராது. அந்தச் சோற்றைக் கான்டிராக்டர் கையில் கொடுத்துக் கெட்டுப்போகவிட்டால் உலகத்தின் பெரிய கம்பெனி ஒன்றின் உற்பத்தியே நின்றுபோகும். 2024 ஜூனில், அதே ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் விசாரணைச் செய்தி வந்தது. நிறுவனம் மறுத்தது, மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. ஆணோ பெண்ணோ, வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு கூடாது என்று அப்போதிருந்த 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. திருமணமான ஆணை யாரும் திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டதுண்டா? 31இலிருந்து 92க்குப் போகும் வழியில் நிற்கும் இந்த வாசல்காரனைப் பற்றி எங்கள் உழைப்பு அளிப்புக் கோடு வாயே திறப்பதில்லை.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் பேசினால் ஒரு பதில் வரும். அலட்சியமாக ஒதுக்கக்கூடிய பதில் இல்லை அது. "மேத்ஸை உள்ள கொண்டுவந்தா பாதிப் பேர் அரியர் வைப்பாங்க. அரியர் விழுந்தா வீட்ல நிறுத்திடுவாங்க. அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். இப்ப ஒரு டிகிரியாவது கைல இருக்கு." சொன்னவர் இருபது வருடமாக இந்தப் பெண்களைப் பார்ப்பவர். அவர் சொல்வது நடந்திருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். நானும் ஒரு வருடம் போர்டில் எழுதியதை அழித்திருக்கிறேன். "இது வராதும்மா, விட்டுடுங்க." என் வாயிலிருந்து அதே வார்த்தை, அதே குரல். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பதிலை நான் ஏற்க மாட்டேன். கணக்கு வராத பெண்கள் என்று யாரைச் சொல்கிறோம்? மாதச் சீட்டு ஏலத்தில் இத்தனை தள்ளி எடுத்தால் லாபமா நஷ்டமா என்று அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனதுக்குள்ளேயே போட்டுச் சொல்கிறவர்கள் இவர்கள். காலை டியூட்டி, நைட் டியூட்டி, ஓ.டி. எல்லாம் கூட்டிப் பிடித்தம் கழித்து அக்காவின் சம்பளம் சரியா என்று ஃபோனில் சரிபார்ப்பவர்கள். இவர்களுக்குக் கணக்கு வராமல் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு அதைச் சொல்லிக்கொடுக்கும் சம்பளத்தில் ஆள் போடவில்லை, அவ்வளவுதான். முதல் செமஸ்டரில் அடிப்படையிலிருந்து கணக்கு வகுப்பு வையுங்கள், கூடுதல் ஆசிரியர் போடுங்கள், அரியர் வந்தால் மறு தேர்வுக்கு உடனே வழி செய்யுங்கள். இதைக் கேட்டால் நிர்வாகத்தின் முகம் மாறிவிடும், ஏனென்றால் இதற்குப் பணம் வேண்டும். பி.ஏ. எகனாமிக்ஸை நடத்த லேப் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஒரு அறை, ஒரு போர்டு, குறைந்த சம்பளத்தில் ஒரு பெண் போதும். லேசான பாடம் என்று பெண்ணைச் சொல்லிக்கொண்டே லேசான செலவு என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் பெண்ணின் கல்யாணத்துக்குத் தாலித் தங்கமும் பணமும் கொடுக்கும் திட்டம் இருந்தது. 2022 செப்டம்பரில் அதையே புதுமைப் பெண் என்று கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயாக மாற்றினார்கள். தங்கத்தைப் படிப்பாக மாற்றியது பெரிய காரியம், அதை எளிதில் சொல்லிவிட மாட்டேன். என் வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பணத்தில்தான் வருகிறார்கள். வந்து உட்கார்ந்த பிறகு போர்டில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் என் வழக்கு.

இந்த வருடம் இரண்டாம் ஆண்டு மாணவிகளிடம் வீட்டில் இருக்கும் ஒரு கடன் அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். பெயரை மறைத்துவிட்டு எண்களை மட்டும் எழுதி வரலாம் என்றேன். 44 பேரில் 39 பேர் கொண்டுவந்தார்கள். சிலரிடம் மூன்று, நான்கு அட்டை. ரிசர்வ் வங்கியின் விதி 2022 ஏப்ரலிலிருந்து மாறியிருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம்வரை உள்ள குடும்பங்களுக்குத் தரும் நுண்கடனில், கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு விகிதம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பல வீடுகளில் அந்தத் தாள் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. பிரித்துப் படித்தவர் இல்லை. அட்டையில் இருந்த கடன் தொகையும் கையில் வந்த தொகையும் பல இடங்களில் ஒன்றாக இல்லை. பிராசஸிங், இன்சூரன்ஸ் என்று முன்னாலேயே பிடித்திருந்தார்கள். குறையும் அசலுக்கு வட்டி போடுவது எப்படி என்று போர்டில் எழுதினேன். வகுப்பு நேரம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு வந்த தமிழ் ஆசிரியர் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

துறைத் தலைவர் கூப்பிட்டு, இது சிலபஸில் எந்த யூனிட்டில் வருகிறது என்று கேட்டார். வட்டி என்ற தலைப்பில் என்றேன். அங்கே கெய்ன்ஸின் ரொக்க விருப்பக் கோட்பாடுதானே இருக்கிறது என்றார். அதையும் நடத்துகிறேன் என்றேன்.

மறுநாள் ஒரு பெண் வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்தாள். திருமுல்லைவாயலில் இருந்து வருபவள், வகுப்பில் வாயே திறக்காதவள். "மேம், அம்மா கேட்டாங்க. வெள்ளிக்கிழமை எங்க தெருவுல சென்டர் மீட்டிங். அந்த சார்கிட்ட என்ன கேக்கணும்னு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க." நோட்டைத் திருப்பி ஒரு புதுப் பக்கத்தை எடுத்தாள். பின்னால் இன்னும் நான்கு பேர் பேனாவோடு நின்றார்கள். முதல் கேள்வியை அவளையே எழுதச் சொன்னேன்.